வளம் இருந்தும் நாடு ஏன் தடுமாறுகிறது? கோத்தகிரி மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேல்பக்கம் ஒரு மாடி அறையில், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று மாலை பொருளாதாரம் எடுக்கிறேன். இயற்கை வளமும் பொருளாதார வளர்ச்சியும் என்ற பாடம் வரும் வாரம் மட்டும் வகுப்பு நேரத்துக்கு முடிந்ததே இல்லை. கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தவர்கள்கூட வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். வருஷா வருஷம் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சார், மண்ணுக்கடியில அவ்வளவு இருந்தா நாடு பணக்கார நாடாத்தானே ஆகணும்?

ரொம்ப காலம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கையில் மூலதனம் இல்லாத நாட்டுக்கு எண்ணெயோ தாமிரமோ கிடைத்தால், அதை விற்று ரோடு போடலாம், பள்ளிக்கூடம் கட்டலாம், தொழிற்சாலை தொடங்கலாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. நைஜீரியாவில் 1956-இல் எண்ணெய் கிடைத்தது. அதற்கு முன்பு நிலக்கடலையும் கோக்கோவும் பாமாயிலும் ஏற்றுமதி செய்த நாடு அது. எண்ணெய்க் காசு கொட்ட ஆரம்பித்தபின் அந்த விவசாய ஏற்றுமதி தேய்ந்துபோனது. கச்சா எண்ணெயைக் கப்பலேற்றிவிட்டு, பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பல பத்தாண்டுகளை ஓட்டினார்கள். இன்னொரு பக்கம், மண்ணுக்கடியில் பெரிதாக எதுவும் இல்லாமலே முன்னேறிய ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர். சிங்கப்பூர் குடிதண்ணீரையே மலேசியாவிலிருந்து வாங்கிய ஊர்.

இந்த முரணுக்கு 'வளச் சாபம்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் ஆட்டி என்ற ஆய்வாளர், 1993-இல். இரண்டு ஆண்டு கழித்து ஜெஃப்ரி சாக்ஸும் ஆண்ட்ரூ வார்னரும் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாடுகளின் கணக்கை அடுக்கிப் பார்த்தார்கள். நாட்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் மூலப்பொருள் ஏற்றுமதி அதிகமாக இருந்த நாடுகள், 1970-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் மற்றவற்றைவிட மெதுவாக வளர்ந்திருந்தன. அவர்கள் சொன்னது சராசரிக் கணக்கு. சராசரியைத் தனி நாட்டின் ஜாதகமாக வாசிக்கக் கூடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

டச்சு நோய்னா என்ன சார்? நெதர்லாந்துல என்ன ஆச்சு?

1959-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் மிகப் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. வாயுவை விற்றுக் காசு வந்தது. அதே காலத்தில் அந்த நாட்டின் மற்றத் தொழில்கள் இளைத்தன, வேலையின்மை கூடியது. 1977-இல் 'தி எகானமிஸ்ட்' பத்திரிகை இதற்கு டச்சு நோய் என்று பெயர் வைத்தது.

நோய் எப்படிப் பிடிக்கிறது என்பதைத் திருப்பூரை வைத்துப் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்கு, பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் திடீரென்று பெரிய எண்ணெய் வயல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் வந்து குவிகிறது. டாலர் மலிந்தால் ரூபாயின் மதிப்பு ஏறும். 80 ரூபாயாக இருந்த டாலர் 60 ஆகிறது. திருப்பூர்க்காரர் ஒரு பனியனை 2 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். கைக்கு 160 ரூபாய் வந்தது. இப்போது அதே 2 டாலருக்கு 120 ரூபாய்தான். நூல் விலை இறங்கினாலும் கூலி இறங்காது, கரண்ட் பில் இறங்காது. விலையை உயர்த்தினால் வெளிநாட்டுக்காரர் வங்கதேசத்துக்குப் போய்விடுவார். திருப்பூர்க்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கோ கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்ததற்கு இவர் கடையைச் சாத்துகிறார்.

இது ஒரு வழி. இன்னொரு வழி ஆள் இழுப்பு, அதற்கு நாம் மலையை விட்டு இறங்கவே வேண்டாம். நாலு இடத்தில் காட்டேஜ் கட்டும் வேலை நடக்கும் சீசனில் கேரட் பிடுங்க ஆள் தேடிப் பாருங்கள். சித்தாள் வேலையில் கூலி அதிகம் என்றால் ஆட்கள் அங்கேதான் போவார்கள், போகவும் வேண்டும். கேரட் போட்டவர் அதே கூலி கொடுத்தால் மேட்டுப்பாளையம் மண்டி விலைக்குக் கட்டாது. அடுத்த வருஷம் அவர் நிலத்தைச் சும்மா போடுவார். நாட்டு அளவில் பார்த்தால் எண்ணெய், கட்டடம், ஓட்டல் ஆகியவை ஆட்களையும் முதலையும் இழுத்துக்கொள்ள, வயலும் பட்டறையும் வற்றும்.

இதில் நிஜமான நஷ்டம் எங்கே என்று கேட்டால், மூடிய பட்டறையோடு போய்விடுகிற கைத்திறனைத்தான் சொல்வேன். கட்டிங் மாஸ்டர், சாயப் பட்டறைக்காரர், மெஷின் ரிப்பேர் பார்ப்பவர் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் போனபின், எண்ணெய் தீர்ந்த மறுநாள் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது. நெதர்லாந்து ஏற்கெனவே படிப்பும் தொழிலும் பெருகியிருந்த நாடு, எழுந்துவிட்டது. குரோனிங்கன் வயலில் வாயு எடுத்து எடுத்து நிலநடுக்கம் வர ஆரம்பித்து, வீடுகள் விரிசல் விட்டு, 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

விலை ஏறும், இறங்கும். எல்லாத் தொழில்லயும் இருக்கிறதுதானே? அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?

இந்தக் கேள்விக்கு நான் அப்பாவின் நோட்டை எடுத்துவந்து காட்டுவேன். நீள வாக்கில் மடித்து, சட்டைப்பையில் வைத்து வைத்து ஓரம் நைந்துபோன நோட்டு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. எங்கள் மலையில் பச்சைத் தேயிலை எப்படி விற்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. கொழுந்து பறித்து, மூட்டை கட்டி, ரோட்டோர ஷெட்டில் எடை போடுவோம். ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை என்று கழிப்பார்கள். மிச்ச எடையை நோட்டில் எழுதித் தருவார்கள். விலையை எழுத மாட்டார்கள், ஏனென்றால் விலை என்ன என்று அன்றைக்குத் தெரியாது! குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதைப் பார்த்து, மாதம் முடிந்தபிறகுதான் கொழுந்துக்கு விலை வரும். விற்றபின் விலை கேட்டுக்கொள்கிற வியாபாரம்.

அந்த நோட்டில் 1998-இல் சில மாதம் கிலோ பதினைந்து ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் சிமெண்ட் தளம் போட்டோம், அக்கா கல்யாணத்துக்குக் கடன் வாங்கினோம். கடன் கொடுத்தவரும் கொழுந்து விலையைப் பார்த்துத்தான் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த நிலங்களிலும் தேயிலை நாற்று இறங்கியது. நம் மலைத் தேயிலைக்குப் பெரிய சந்தை சோவியத் ஒன்றியம். அது 1991-இல் உடைந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்ய ரூபிள் சரிந்தது. இரண்டே வருஷத்தில் அப்பாவின் நோட்டில் கிலோ ஐந்து ரூபாய். பறிகூலி கொடுத்தால் மிச்சம் இல்லை. உருளைக்கிழங்கு மூன்று நாலு மாதப் பயிர், அடுத்த போகம் மாற்றிக்கொள்ளலாம். தேயிலைச் செடி பறிப்புக்கு வரவே சில வருஷம் ஆகும், வைத்துவிட்டால் ஆயுசுக்கும் நிற்கும். மாறவும் முடியவில்லை.

இதையே ஒரு நாடு செய்வதாக நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும்போது அரசு சம்பளத்தைக் கூட்டும், மானியம் அறிவிக்கும், பெரிய பெரிய பாலங்களைத் தொடங்கும். வெளிநாட்டு வங்கிகள் வரிசையில் நின்று கடன் கொடுக்கும். விலை விழும்போது வருமானம் குறையும், கடன் குறையாது. சம்பளத்தையும் மானியத்தையும் வெட்டினால் தெருவில் கலவரம். வெனிசுவேலாவின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எண்ணெய். 2014-இல் எண்ணெய் விலை சரிந்தபோது அங்கே சேமிப்பு இல்லை. விலைக் கட்டுப்பாடு, நோட்டு அச்சடிப்பு, நிர்வாகக் குளறுபடி, பிற்பாடு வந்த அமெரிக்கத் தடைகள் எல்லாம் சேர்ந்து, 2013-க்குப் பிறகான ஏழெட்டு ஆண்டுகளில் பொருளாதாரம் முக்கால் பங்கு சுருங்கியது. 70 லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டை விட்டுப் போனார்கள். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு 1960-இல் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் அந்த நாட்டு எண்ணெய் அமைச்சர் பெரெஸ் அல்ஃபோன்சோ. அவரே பின்னாளில் எண்ணெயைச் சாத்தானின் மலம் என்று சொன்னார். இத்தனைக்கும் உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு அந்த நாட்டில்தான்.

ஆகவே ஏற்ற இறக்கம் எல்லாத் தொழிலுக்கும் உண்டுதான். ஒரே பொருளை நம்பி, அதன் விலையை நாம் வைக்க முடியாமல், நல்ல வருஷத்து வருமானத்தை நிரந்தரம் என்று நினைத்துக் கடன் வாங்குவதில்தான் வினை. அப்பா இந்த மூன்றையும் செய்தார். அவரைக் குறை சொல்லவில்லை; அன்றைக்கு நான் வீட்டுப் பெரியவனாக இருந்தால் நானும் அந்தத் தளத்தைப் போட்டிருப்பேன்.

வரி வாங்காத அரசு நல்ல அரசுதானே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரி கட்டுகிறவன்தான் கணக்குக் கேட்பான். ஊராட்சியில் வீட்டு வரி கட்டிய ரசீதோடு போய்த் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரசீது கையில் இருப்பதால் வருகிற குரல் அது. அரசுக்கு மக்கள் பணம் வேண்டாம், குழாயைத் திறந்தால் டாலர் வருகிறது என்றால், மக்கள் தயவும் அவ்வளவாகத் தேவைப்படாது. கொஞ்சம் மானியம், கொஞ்சம் அரசு வேலை, மிச்சத்துக்குப் போலீஸ். குழாய் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நாடு என்று ஆகும்போது, அதைப் பிடிக்கச் சண்டையும் வரும். சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரம் தீனி போட்டது இப்படித்தான்.

அப்போ நார்வே மட்டும் எப்படித் தப்பிச்சது?

நார்வேயில் பெரிய எண்ணெய் வயல் தெரியவந்தது 1969 கடைசியில். அதற்கு ஒரு வருஷம் முன்பு ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர் அங்கே குடிபெயர்ந்திருந்தார். மனைவி நார்வேக்காரர், மகனுக்கு வைத்தியம் தேவைப்பட்டது. ஈராக் எண்ணெய்த் துறையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டு நிறுவனங்கள் எண்ணெயை எடுக்க, உள்ளூர்க்காரன் வேடிக்கை பார்க்க நேர்ந்த கதையை நேரில் கண்டவர். நார்வேயின் எண்ணெய் நிர்வாகத்துக்கு ஆரம்பக் கோடு போட்டவர்களில் அவரும் ஒருவர். எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஒரு நாட்டின் சறுக்கல் அனுபவம் இன்னொரு நாட்டுக்குப் பாடமாகப் பயன்பட்டது அபூர்வமாகத்தான் நடக்கும்.

செய்தது என்ன? அரசே ஒரு எண்ணெய் நிறுவனம் தொடங்கியது. எண்ணெய் லாபத்தில் 78 விழுக்காடு வரி. 1990-இல் சட்டம் போட்டு, எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்துவைக்க ஒரு நிதியம் அமைத்து, 1996-இல் முதல் பணத்தைப் போட்டார்கள். அந்தப் பணம் நார்வேக்குள் முதலீடு செய்யப்படுவதில்லை, முழுக்க வெளிநாட்டில். ஏன்? டச்சு நோயை இப்போதுதானே பார்த்தோம். டாலரை வீட்டுக்குள் கொண்டுவராவிட்டால் சொந்த நாணயம் அந்த அளவுக்கு வீங்காது, மீன்பிடியும் கப்பல் கட்டுதலும் தப்பிக்கும். 2001-இல் இன்னொரு விதி வைத்தார்கள். நிதியத்தின் முதலைத் தொடாமல், நீண்ட கால வருவாய் என்று கணக்கிட்ட 4 விழுக்காட்டு அளவுக்குத்தான் பட்ஜெட்டில் செலவு. 2017-இல் அதை 3 ஆகக் குறைத்தார்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டின் நிதியத்தில் இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேல் இருக்கிறது.

சரி, ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எண்ணெய் கிடைக்கும் முன்பே நார்வேயில் தேர்தல் இருந்தது, நேர்மையான அதிகாரிகள் இருந்தார்கள், எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போனது. நிதியத்தை மட்டும் நகல் எடுத்தால் நார்வே ஆகிவிட முடியாது.

ஏழை நாடு எதுவும் தேறலையா?

போட்ஸ்வானா. 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. நாடு முழுக்கத் தார் ரோடு 12 கிலோமீட்டர்தான் இருந்தது என்பார்கள். கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டுக்குப் போய் வந்தால் தீர்ந்துவிடும். அடுத்த வருஷம் ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. அந்த இடம் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம். ஆனால் கனிமம் எந்த இனக்குழுவுக்கும் இல்லை, நாட்டுக்கு என்று சட்டம் போட்டார்கள். பிற்பாடு சுரங்க நிறுவனத்தில் அரசுக்குப் பாதிப் பங்கும் வாங்கினார்கள். பல பத்தாண்டுகள் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. இருந்தும் வைரத்தைத் தாண்டி வேறு பெரிய தொழில் வளரவில்லை. ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்து விலை விழுந்ததும் 2024-இல் பொருளாதாரம் சுருங்கியது. பாதி வெற்றி என்று எழுதுங்கள்.

நவ்ருவைப் பற்றி ஒரு வரி. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு, பாஸ்பேட் வெட்டி 1970-களில் ஆளுக்கு ஆள் பணக்காரர்கள். அவர்களும் நிதியம் வைத்தார்கள். அந்தப் பணம் மெல்போர்னில் அடுக்குமாடி, சொந்த விமானங்கள், லண்டனில் படுதோல்வி அடைந்த ஒரு இசை நாடகம் என்று கரைந்தது. 2005-இல் கடனுக்குக் கடைசி விமானத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகவே நிதியம் இருக்கிறதா என்பதோடு, அதை யார் தணிக்கை செய்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.

நம்ம நாட்டுக்குள்ளயே இப்படி உண்டா சார்?

எங்கள் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். இப்போது கொழுந்து பறிக்க உள்ளூரில் ஆள் குறைவு. நீலகிரித் தோட்டங்களில் பறிப்பவர்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. எங்களிடமும் ஒரு பெண் வருகிறாள். அம்மா அவளை அம்மிணி என்பாள், அவள் அம்மாவை மாஜி என்பாள். பாதி சைகையில்தான் பேச்சு. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி டீ குடிக்கும்போது, என் அரைகுறை இந்தியில் ஊர் எது என்று கேட்டேன். லோஹர்தகா பக்கம் என்றாள். அங்கே என்ன விளையும் என்றேன். கொஞ்சம் நெல் என்று சொல்லிவிட்டு, சேறு படிந்த தன் காலைக் காட்டிச் சிரித்தாள். இதைவிடச் சிவந்த மண், லாரி லாரியாகப் போகும், துணி காயப்போட முடியாது என்றாள். அது பாக்சைட், அலுமினியத்தின் மூலம். அந்த லாரிகள் போகிற ஊரில் வேலை இல்லாமல், இரண்டு நாள் ரயில் ஏறி வந்து நம் மலையில் கொழுந்து கிள்ளுகிறாள்.

நிலக்கரி, இரும்பு, தாமிரம், பாக்சைட், யுரேனியம் எல்லாம் இருக்கிற மாநிலம் ஜார்க்கண்ட். ஏன் இப்படி? சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற கொள்கை 1950-களில் வந்து 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. நிலக்கரியும் இரும்பும் நாட்டின் எந்த மூலைக்கும் ஏறக்குறைய ஒரே விலையில் போய்ச் சேரும்படி ரயில் கட்டணத்துக்கு மானியம். சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைத்தால் கிடைக்கவேண்டிய லாபம் இல்லாமல் போனது. ஆலைகள் துறைமுகத்துக்கும் பெரிய சந்தைக்கும் பக்கத்தில் அமைந்தன. தமிழ்நாட்டுத் தொழிலுக்கும் இதில் ஆதாயம் உண்டு, அதை நாம் சொல்லிக்கொள்வதில்லை. நிலம் இழந்த பழங்குடிகளுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். 2015-இல்தான் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, குத்தகைக்காரர்கள் கட்டும் தொகையில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன. சுரங்கம் பாதித்த ஊருக்கே அந்தப் பணம் செலவாகவேண்டும் என்பது விதி. கோவா இரும்புத் தாது வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒரு நிரந்தர நிதிக்கு உத்தரவிட்டது. அடுத்த தலைமுறைக்கும் பங்கு என்ற நார்வே யோசனைதான், சின்ன அளவில்.

நம்ம மலையில என்ன வளம் இருந்துச்சு? அதுல யார் நல்லா இருந்தாங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மூன்று கதை சொல்வேன்.

முதலில் சின்கோனா. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து தரும் பட்டை. தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விதையையும் நாற்றையும் வைத்து 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசே தோட்டம் போட்டது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் பொறுப்பு. நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். 1865-இல் லெட்ஜர் என்ற வியாபாரி மிக உயர்ந்த ரகத்தின் விதையை விற்க முயன்றபோது பிரிட்டிஷ் அரசு அக்கறை காட்டவில்லை. டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் போட்டார்கள். அவர்கள் ஆராய்ச்சி செய்து ரகத்தை மேலும் தேற்றி, உலகச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தார்கள். நம் பட்டை விலை போகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை மருந்து வந்து ஜாவாவையும் சாய்த்தது. மலையும் குளிரும் இரண்டு பக்கமும் இருந்தன. வித்தியாசம் விதையிலும் ஆராய்ச்சியிலும்.

அப்புறம் தங்கம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஆற்று மணலில் பொன் அரிப்பது பழைய வழக்கம். 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் வந்தார். அவர் அறிக்கையும் வருமுன்னே எழுந்த பரபரப்பும் சேர்ந்து, லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. காபியில் இலை நோய் வந்து நொந்துபோயிருந்த தோட்டக்காரர்கள் கொழுத்த விலைக்கு நிலத்தை விற்றுவிட்டு நிம்மதியானார்கள். சில வருஷத்திலேயே எல்லாம் முடிந்தது. பாறையில் தங்கம் இருந்தது, எடுக்கும் செலவுக்குக் கட்டவில்லை. பங்கு வாங்கிய லண்டன்வாசிகளின் காசு போனது. அந்தக் கைவிட்ட குழிகளில் இறங்கித் திருட்டுத்தனமாகத் தோண்டி உயிரைவிட்டவர்கள் பற்றிய செய்தி சமீப காலத்திலும் வந்திருக்கிறது.

மூன்றாவது தண்ணீர். பைக்காரா மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது. மலை உச்சித் தண்ணீர் குழாய் வழியாகச் சிங்காராவுக்குச் சுமார் மூவாயிரம் அடி விழுகிறது. அந்த மின்சாரம் கம்பி வழியே கோயம்புத்தூருக்கு இறங்கியது. 1930-களில் அங்கே பஞ்சாலைகள் பெருகியதற்குப் பைக்காராதான் பெரிய காரணம். ஆலைக்கு மெஷின் பழுது பார்க்கப் பட்டறை, பட்டறையிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து பம்ப் செட் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வளர்ந்தது. கோயம்புத்தூருக்குக் கீழே எண்ணெயும் இல்லை, தங்கமும் இல்லை. கரிசல் மண், பருத்தி, வியாபாரம் தெரிந்த ஆட்கள், மேலே இருந்து வந்த கரண்ட். இயற்கை வளம் ஒரு ஊரைத் தூக்கிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தூக்கிவிட்ட ஊர் வேறு ஊர் என்பதுதான் நமக்குக் கொஞ்சம் உறுத்தும்.

வளச் சாபம்ங்கறதே பொய்னு சொல்றாங்களே?

பொய் என்று சொல்ல மாட்டேன், அளந்த விதம் தப்பு என்பேன். 2008-இல் கிறிஸ்டா புருன்ஷ்வைலரும் எர்வின் புல்ட்டேயும் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார்கள். வளம் நிறைய இருப்பது ஒன்று, வளத்தையே நம்பியிருப்பது இன்னொன்று. சாக்ஸும் வார்னரும் அளந்தது இரண்டாவதை. வேறு எந்தத் தொழிலும் வளராத நாட்டில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் ஏற்றுமதியில் அதுதான் பெரிதாகத் தெரியும். அந்த நாடு எண்ணெயால் ஏழையா, ஏழையாக இருப்பதால் எண்ணெயை நம்புகிறதா? நிலத்தடி இருப்பையே நேராக அளந்தபோது சாபம் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு.

அமெரிக்காவைப் பாருங்கள். நிலக்கரி, தாமிரம், எண்ணெய் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் முன்னணியில் இருந்த நாடு. அவர்கள் நிலவியல் ஆய்வுத் துறையைத் தொடங்கியது 1879-இல். சுரங்கக் கல்லூரிகளும் பெருகின. சுரங்கத்தோடு அறிவும் எந்திரமும் வளர்ந்தன. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் தேவாலாவில் லண்டன் ஏஜென்ட்டுகள் நிலம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நான் நிர்வாகம், சட்டம் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். ஆனால் விலை ஏற்ற இறக்கத்தை நல்ல நிர்வாகமும் முழுக்கச் சமாளிக்காது. அப்பாவின் நோட்டு அதைத்தான் சொல்கிறது.

சுற்றுலாவும் ஒரு இயற்கை வளம்தானே?

ஆமாம், குளிரைத்தானே விற்கிறோம். அதற்கும் டச்சு நோய் உண்டு. கீழே இருந்து வரும் பணத்துக்கு நிலம் விலை ஏறி, உள்ளூர் வாத்தியார் வாடகைக்குக்கூட வீடு பிடிக்க முடியாது. மே மாதம் பால், காய் எல்லாம் சீசன் விலை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்ற கேள்வி, சுரங்கத்தில் வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வியின் தம்பிதான்.

பரீட்சையில வந்தா எப்படி எழுதுறது?

முதலில் இருப்பது வேறு, நம்பியிருப்பது வேறு என்று பிரித்துவிடுங்கள். பிறகு டச்சு நோய், விலை ஏற்ற இறக்கம், வரி கேட்காத அரசு ஆகிய மூன்று வழிகளையும் வழிக்கு ஒரு நாட்டோடு எழுதுங்கள். நார்வே எல்லோரும் எழுதுவார்கள். போட்ஸ்வானாவையும் சேர்த்தால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். ஆண்டு சந்தேகமாக இருந்தால் எழுதாதீர்கள்.

டச்சு நோய் நிஜ நோய் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போன வருஷம் மாதிரித் தேர்வில் ஒரு பையன், டச்சு நோய் கொசுவால் பரவுகிறது, அதற்கு மருந்து சின்கோனா என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. ஜாவா டச்சுக்காரர்கள் நம் நடுவட்டத்துக்குச் செய்ததை நினைத்து அரை மதிப்பெண் போட்டேன்.